ஸ்ட்ரோபெரி இலையைக் கழிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஸ்ட்ரோபெரிக் கன்றை நடும்போதும் அதன் பிறகு அடிக்கடியும் இலைகளைக் கழித்து, குருத்தோடு இரண்டு மூன்று இலை மட்டும் விட்டால்தான் செடி நன்றாகப் பூக்கும் என்கிறார்கள். இலைதானே செடிக்குச் சாப்பாடு தயாரிக்கிறது? அதைப் பிடுங்கிவிட்டால் பழம் எப்படிப் பெருக்கும்? இந்த வழக்கம் எங்கே, எதற்காகத் தொடங்கியது? (வாசகர், நானுஓயா)

பதில்: இது நீண்ட கோடைப் பகலும் கடுமையான பனிக்காலமும் உள்ள நாடுகளில் பிறந்த வழக்கம். அங்கே அதற்குத் தக்க காரணங்கள் உண்டு. நுவரெலியாவில் அந்தக் காரணங்களில் பெரும்பாலானவை கிடையாது. இங்கே கழிக்க வேண்டியது பழுத்த இலையும் நோய்பிடித்த இலையும்தான். வேலை செய்துகொண்டிருக்கும் பச்சை இலையைக் கழித்தால் விளைச்சலையும் சேர்த்தே கழித்ததாகும். பழத்தின் அளவையும் எண்ணிக்கையையும் பெரும்பாலும் தீர்மானிப்பது, கன்று பாத்திக்கு வருமுன் நாற்றுமேடையில் நடந்த வேலை. ஏன் என்பதை அறிய, செடி எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று நாம் சாப்பிடும் பெரிய ஸ்ட்ரோபெரி எந்தக் காட்டிலும் தானாக விளைந்ததல்ல. தென் அமெரிக்காவில் ஸ்பானியர் கட்டியிருந்த கோட்டைகளை வேவு பார்க்க 1712 இல் போன பிரெஞ்சு இராணுவப் பொறியியலாளர் அமெதே பிரான்சுவா ஃப்ரேசியே, 1714 இல் ஊர் திரும்பும்போது சிலி நாட்டுச் செடிகளையும் கப்பலில் ஏற்றிவந்தார். பிழைத்து வந்தவை ஐந்தே செடிகள். அவை பெண் பூ மட்டும் பூப்பவை என்பதால் பிரான்சில் காய்க்காமல் நின்றன. பிரிட்டனிக் கரையில் பிரெஸ்ட் நகரத்துப் பக்கம் அவற்றின் அருகே வட அமெரிக்காவின் வேர்ஜீனியா இனச் செடிகள் வளர்ந்தபோதுதான் மகரந்தம் கிடைத்துக் காய் பிடித்தது. அந்தச் சேர்க்கையில் பிறந்த பிள்ளைதான் நம்முடைய பழம். அது ஒரு கலப்பினம் என்பதை 1766 இல் வெளியிட்ட நூலில் எழுதியவர், அப்போது இருபது வயதும் நிரம்பாத அந்துவான் நிக்கொலா டுஷேன். சிலி, வட அமெரிக்கா என இரண்டு தாயகமுமே பருவங்கள் தெளிவாக மாறுகிற பூமி. எப்போது பூப்பது, எப்போது ஓடுதண்டு விடுவது, எப்போது ஓய்வது என்ற மூன்றையும் பகலின் நீளத்தையும் குளிரையும் பார்த்தே முடிவு செய்யும் இயல்பு அங்கிருந்து வந்தது.

பழைய வகைகளில் பெரும்பாலானவை குறும்பகல் செடிகள். வெப்பம் ஏறத்தாழ 15 முதல் 25 பாகை செல்சியஸ் வரை இருக்கும்போது, பகல் குறுகினால்தான் குருத்துக்குள் பூ மொட்டு உருவாகும். வெப்பம் அதற்குக் கீழே இறங்கினால் பகல் நீளமாக இருந்தாலும் மொட்டு வரும். நீண்ட பகலும் வெப்பமும் சேர்ந்தால் செடி பூவை மறந்து ஓடுதண்டு விடும். அந்தக் கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதை ஸ்கொட்லாந்தில் தொம்சன், கத்ரிஜ் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1960 இல் வெளியிட்டார்கள். நீண்ட பகலைக் கண்ட முதிர்ந்த இலைகளே பூப்பதைத் தடுக்கும் செய்தியைக் குருத்துக்கு அனுப்புகின்றன. அந்த இலைகளை நீக்கினால் தடை தளர்ந்து செடி மொட்டு விடுகிறது என்பது அவர்கள் கண்டது. ஸ்கொட்லாந்தில் ஜூன் மாதப் பகல் பதினேழு மணி நேரத்துக்கு மேல் நீளும். பழம் பறித்து முடிந்த கையோடு இலைகளை அறுத்துவிட்டால் செடி புதிதாகத் தழைத்து அடுத்த ஆண்டு கூடுதலாகக் காய்க்கிறது, தாமதித்து அறுத்தால் அந்தப் பலன் கிடைப்பதில்லை என்பதும் அதே நாட்டில் அறியப்பட்டது. ஜப்பானிய விவசாயிகள் நாற்றுமேடையில் கன்றுக்கு மூன்று நான்கு இலைகள் மட்டும் விட்டு, தழைச்சத்தையும் குறைத்து, மொட்டு விடுவதை முந்தவைப்பார்கள். ஆண்டு முடியுமுன் சந்தைக்குப் பழம் அனுப்பினால் நல்ல விலை என்பது அவர்கள் கணக்கு.

இந்த நியாயத்தை நுவரெலியாவில் வைத்துப் பாருங்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறோம். ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரந்தான். மிகக் குறுகிய பகலுக்கும் அதற்கும் முக்கால் மணி நேரமே வித்தியாசம். நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் சராசரி வெப்பம் 16 பாகை அளவில் நிற்கிறது. குறும்பகல் வகைக்கு வருடம் முழுவதும் பூக்கும் காலந்தான். ஜப்பானில் தொச்சிகி மாநில விவசாயிகள் கோடையில் நாற்றுகளை ஏற்றிக்கொண்டு நிக்கோ மலையில் சுமார் 1,400 மீற்றர் உயரத்திலுள்ள செஞ்ஜோகஹாரா சமவெளிக்குப் போய், குளிரில் வைத்து மொட்டு விடச்செய்து, பிறகு கீழே கொண்டுவந்து நடும் முறை ஒன்று இருந்தது. அவர்கள் தேடிப்போன மலையைவிட உயரமான மலையில்தான் நமது பாத்தி இருக்கிறது. இங்கே இலையைக் கழித்துப் பூவை வரவழைக்க வேண்டிய தேவை இல்லை. நீண்ட பகலே இல்லாத ஊரில், நீண்ட பகலின் செய்தியைக் குருத்துக்கு அனுப்பும் இலை ஏது? நம் செடிக்குப் பூப் பஞ்சம் இல்லை. வந்த பூவைப் பழமாக்கும் இலைக்கும் வேருக்குந்தான் பஞ்சம். சின்னஞ்சிறு கன்றுகூட நட்ட சில வாரத்தில் பூத்துவிடும். அந்தப் பூவை வளர விட்டால் கன்று குட்டையாகவே நின்றுவிடும்.

இதனால்தான் நாற்றுமேடை முக்கியமாகிறது. இலைகளும் வேர்களும் சந்திக்கும் குட்டைத் தண்டுதான் கன்றின் மூலதனம். அதைக் கட்டைத்தண்டு என்று சொல்லிக்கொள்வோம். ஐரோப்பாவில் கன்றுகளைத் தரம்பிரித்து விற்பதே கட்டைத்தண்டின் குறுக்களவை மில்லிமீற்றரில் அளந்துதான். தடித்த தண்டுடைய கன்று முதற்காய்ப்பில் கூடுதலாகக் காய்க்கும் என்பது பல நாட்டு ஆய்வுகள் ஒத்துக்கொள்ளும் விடயம். காரணம் பூ மொட்டிலேயே இருக்கிறது. பழத்தின் மேல் விதை மாதிரித் தெரிகிற ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு தனிக் காய். சிவந்த சதை, பூவின் காம்புநுனி பருத்தது. அந்தச் சிறு காய்களை அகற்றினால் சதை பெருக்காது, அவை சுரக்கும் ஊக்கியைக் கொடுத்தால் மீண்டும் பெருக்கும் என்று 1950 இல் ஜோன் பியேர் நிட்ஷ் காட்டினார். ஆக, ஒரு மொட்டில் எத்தனை சிறு காய்களுக்கு இடம் அமைகிறதோ அதுவே பழம் எவ்வளவு பருக்கலாம் என்பதற்கு உச்ச வரம்பு. அந்த இடம் அமைவது மொட்டு கண்ணுக்குத் தெரியும் முன், குருத்துக்குள். அப்போது கன்று இலையும் வேருமாகத் திடமாக இருந்ததா, சவலையாக இருந்ததா என்பதைப் பிறகு போடும் எந்தப் பசளையும் மாற்றாது.

திடமான கன்று எப்படிக் கிடைக்கும்? தாய்ச்செடியைப் பழத்துக்கு வைத்துக்கொண்டே ஓடுதண்டுக்கும் வைத்துக்கொள்ளக் கூடாது. எப்போதும் பூக்கிற மலையில் ஓடுதண்டு இயல்பாகவே குறைவு. தாய்ச்செடியில் பூங்கொத்து தலைகாட்டியவுடன் கிள்ளிவிட்டால்தான் சத்து ஓடுதண்டுக்குப் போகும். ஹட்டன் நகரம் நுவரெலியாவைவிட ஏறத்தாழ 600 மீற்றர் தாழ்வு. உயரக் கணக்குப்படி நான்கு பாகை அளவுக்குச் சூடு அதிகம். ஓடுதண்டு எடுக்க அந்தப் பக்கமும், காய்ப்புக்கு நுவரெலியாப் பக்கமும் பொருத்தம் என்று அந்தக் கணக்கே சொல்கிறது. ஓடுதண்டில் ஒன்றுவிட்டு ஒரு கணுவில் கன்று பிடிக்கும். தாய்க்கு அருகிலுள்ள கன்று மூத்தது, நுனியிலுள்ளது இளையது. எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டி ஒரே பாத்தியில் நட்டால் வயது கலந்து, காய்ப்பும் கலைந்துவிடும். தாயில் வைரசோ வேர் நோயோ இருந்தால் அது ஓடுதண்டு வழியே பிள்ளைக்கும் போகும் என்பதால், நோயற்ற திசு வளர்ப்புக் கன்றைத் தாயாக வைத்து, சில தலைமுறைக்குப் பின் மாற்றிவிடுவது நல்லது. பொலித்தீன் பையில் கணுவை ஊன்றி, அங்கேயே வேர்பிடித்த பின் ஓடுதண்டை வெட்டினால் நடும்போது வேர் அறுபடாது.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதில் ஒரு பகுதி பழக்கமானது. தேயிலைத் தவறணையில் ஒரு கணுத்துண்டை ஊன்றும்போது அதில் ஓர் இலையும் ஒரு மொட்டும் இருக்க வேண்டும். அந்த ஒற்றை இலை உதிர்ந்த துண்டு வேர் பிடிப்பது அரிது. வேர் இல்லாத துண்டுக்கே இலை தேவைப்படுகிறது என்றால், வேர் உள்ள கன்றின் இலையைக் கழிப்பதற்கு என்ன நியாயம்?

நியாயம் உண்டு என்பவர்கள் முதலில் சொல்வது வாட்டம். நட்ட கன்று இலை வழியாக நீரை இழந்து வாடுகிறது, இலையைக் குறைத்தால் வாடாது என்பார்கள். வேரிலிருந்து மண்ணை உதறி எடுத்து வந்த கன்றுக்கு அது ஓரளவு பொருந்தும். கலிஃபோர்னியாவில் குளிரறையில் வைக்கப்படும் கன்றுகளின் இலையை வெட்டுகிறார்கள். குளிர்காலத்துக்கென்று வேரிலும் தண்டிலும் சேர்த்த மாப்பொருள் அவற்றைத் தாங்குகிறது. புளோரிடாவிலோ இலையோடு வரும் வெறும்வேர்க் கன்றை நட்டு, இலையை வெட்டாமல், ஏறத்தாழ பத்து நாள் பகலில் தூவல் நீர் பாய்ச்சிக் காப்பாற்றுகிறார்கள். குளிர்காலச் சேமிப்பு இல்லாத நம் கன்று இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பையோடு நடுகிற கன்றுக்கு அந்தச் சிக்கலும் இல்லை. மாலையில் நட்டு, சில நாள் நிழல் கொடுத்தால் போதும். குருத்து மண்ணுக்குள் புதையாமலும், வேர் வெளியே தெரியாமலும் நடுவதுதான் இலையை எண்ணுவதைவிட முக்கியம்.

இரண்டாவது வாதம் வலுவானது: பனிமூட்டமும் மழையும் உள்ள ஊரில் இலை அடர்ந்தால் சாம்பல் பூசணம் வராதா? வரும். அந்தப் பூசணத்தின் வித்துகள் பெருகுவது காய்ந்து பாத்தியில் கிடக்கும் இலையில் என்று கனடாவில் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். எனவே பழுத்த இலையை எடுப்பது சுகாதாரம், இதில் மறுப்பில்லை. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பழுத்த இலைகளை அகற்றிப் பார்த்த புளோரிடா ஆய்வில் அழுகல் குறைந்தது. ஆனாலும் பூஞ்சைக்கொல்லி தந்த பலனுக்கு அது ஈடாகவில்லை. கூலி கொடுத்து இலை கழிப்பதே முழுப் பாதுகாப்பு என்று நம்ப இடமில்லை. கன்றுக்குக் கன்று இடைவெளி, தழைச்சத்தை அளவோடு போடுவது, பொலித்தீன் கூரை, சொட்டு நீர் ஆகியவற்றால் கிடைக்கும் காற்றோட்டத்தையும் ஈரக்குறைவையும், பச்சை இலையைப் பலியிட்டு வாங்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் துளிர்க்கிறதே என்பார்கள். தேயிலைச் செடி வேரில் சேர்த்து வைத்த மாப்பொருளைச் செலவழித்துத் துளிர்க்கிறது. அதனால்தான் கவ்வாத்துக்கு முன் பென்சில் தடிப்பு வேரை நறுக்கி அயடினில் நனைத்துப் பார்க்கிறார்கள். கருநீலம் ஏறினால் வெட்டலாம், ஏறாவிட்டால் பொறுக்க வேண்டும். சேமிப்பு குறைந்த செடியில் ஓரத்துக் கிளைகள் சிலவற்றை இலையோடு விட்டுவைப்பதும் உண்டு. கவ்வாத்து வருவதும் சில ஆண்டுகளுக்கு ஒரு தடவைதான். விரல் தடிப்புக் கட்டைத்தண்டில் அப்படியொரு இருப்பு கிடையாது. தேயிலையில் நாம் பறிப்பதோ கொழுந்து, இங்கே பறிப்பது பழம். இரண்டுக்கும் ஒரே கத்தி பொருந்தாது.

“நான் கழித்தேன், பூத்ததே” என்பது நான்காவது. இன்று விரிகிற பூ குருத்துக்குள் உருவானது ஒரு மாதத்துக்கும் முன்பு. சென்ற வாரம் கழித்த இலைக்கும் இந்த வாரப் பூவுக்கும் சம்பந்தமில்லை. கழித்ததன் விளைவு தெரிவது அடுத்த காய்ப்பில், பழம் சிறுத்தும் இனிப்புக் குறைந்தும்.

ஆகவே கழிக்கும் முறை இதுதான். இலையின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம், வயதைப் பாருங்கள். ஓர் இலை சாதகமான நிலையில் இரண்டு மாத அளவில் வேலை செய்து ஓய்கிறது. அதற்குள் உள்ளிருந்து புது இலைகள் வரிசையாக வந்துவிடும். வெளிச்சுற்றில் தரையோடு படிந்து, ஓரம் மஞ்சளோ சிவப்போ ஏறியதை, அடிக்காம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல இழுங்கள். முதிர்ந்தது என்றால் காம்படிச் செதிலோடு சேர்ந்து கழன்று வரும். கழன்ற இடத்தில் வெள்ளைப் பொட்டாகப் புது வேர் முனைகள் தெரியும். அங்கே கொஞ்சம் மண் அணைத்தால் அந்த வேர் இறங்கும். இழுத்தும் வராத இலை இன்னும் வேலையில் இருக்கிறது, விட்டுவிடுங்கள். புள்ளி விழுந்த இலையையும், அடிப்பக்கம் சிலந்திப்பூச்சி வலை பின்னிய இலையையும் வயது பார்க்காமல் எடுத்து, பாத்திக்கு வெளியே கொண்டுபோய் அழியுங்கள். மழை நாளில் கழிக்க வேண்டாம், காயத்தில் நோய் ஏறும்.

பகல் நீளத்தைப் பாராமல் பூக்கும் வகைகளும் இன்று உண்டு. 1950களில் அமெரிக்காவின் யூட்டா மலைகளில் ரொய்ஸ் பிரிங்ஹர்ஸ்ட் கண்டெடுத்த காட்டுச் செடியின் குணம் அவற்றில் இருக்கிறது. அவற்றுக்கும் இங்கே இதே விதிதான். இடைவிடாமல் பூப்பதால் இலையின் தேவை இன்னும் கூடுதல். இலை கழிக்கச் செலவாகும் ஆள்கூலியில் பாதியை நாற்றுமேடைக்கு மாற்றி, தாய்ச்செடியைத் தெரிவதற்கும், ஒரே வயதுக் கன்றைப் பிரிப்பதற்கும், நட்டபின் வரும் முதல் பூங்கொத்தைக் கிள்ளுவதற்கும் செலவிட்டால், அடுத்த போகத்தில் பழத்தை நிறுத்துப் பார்க்கும்போது வித்தியாசம் தெரியும்.