தோட்டம் மறைந்தாலும் கூட்டம் மறையலாமா?



ஒரு சமுதாயத்தை ஒன்றாகப் பிணைத்து வைப்பது யாது? நிலமா? மொழியா? அன்றி, ஆண்டுதோறும் கூடிக் களிக்கும் திருநாளா? இவ்வினாவிற்கு விடை காண, முதற்கண் கடல் கடந்து வாழும் ஒரு மக்களின் வரலாற்றை நோக்குவோம். பின்னர் நம் பேராக் மாநிலத்திற்குத் திரும்புவோம்.

கனடா நாட்டின் கிழக்குப் பகுதியில் அக்காடியர் என்னும் மக்கள் வாழ்கின்றனர். இவர்கள் பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள். 1755ஆம் ஆண்டில் ஆங்கிலேய ஆட்சியினர் இவர்களை ஊரைவிட்டு வெளியேற்றத் தொடங்கினர். வீடுகள் எரிக்கப்பட்டன. கப்பல்களில் ஏற்றப்பட்ட மக்கள் திக்கெங்கும் சிதறடிக்கப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

ஆயினும் அவர்தம் பெயர் அழியவில்லை. 1881ஆம் ஆண்டில் மெம்ராம்குக் என்னும் ஊரில் மாநாடு கூட்டி, ஆகஸ்டு 15ஆம் நாளைத் தங்கள் தேசிய நாளாக வகுத்துக்கொண்டனர். 1884இல் தமக்கெனக் கொடி ஒன்றையும் ஏற்றனர். அந்நாளில் சட்டி, பானைகளைத் தட்டிப் பேரொலி எழுப்பி வீதிவலம் வருதல் அவர்களது வழக்கம். தாங்கள் அழிந்துவிடவில்லை என்பதே அவ்வொலி உணர்த்தும் பொருள். 1994 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உலக அக்காடியர் மாநாடும் நடைபெற்று வருகிறது. அங்கு ஒரே குடும்பப் பெயருடையோர் ஒன்றுகூடி, பிரிந்த உறவுகளைத் தேடிக்கொள்கின்றனர்.

இனி நம் கதைக்கு வருவோம். பேராக்கில் கோலகங்சார் நகரில் 1877இல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர்க் காடுகள் தோட்டங்களாயின. தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் பால்மரம் சீவ வந்தனர். அக்காடியரைப் போல் அவர்கள் துரத்தப்பட்டவர்கள் அல்லர். பிழைப்பு நாடி வந்தவர்கள். பெரட்டுக்களம், லயம், கோயில், பள்ளி ஆகிய நான்கும் அவர்களது உலகமாயின. எனினும் அவை அனைத்தும் தோட்ட நிர்வாகத்தின் நிலத்திலேயே இருந்தன. எனவே வேலை போனால் வீடும் போயிற்று. வீட்டோடு கோயிலும் பள்ளியும் விலகிப் போயின.

1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டபோது இத்துன்பம் பெருகிற்று. அதனைத் தடுக்கும் நோக்குடன், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தவணை முறையில் சேமித்த பணம் தோட்டங்களை வாங்கப் பயன்பட்டது. ஆயினும் எல்லாத் தோட்டங்களையும் காத்தல் இயலவில்லை. பிற்காலத்தில் பால்மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றைச் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் பிடித்துக்கொண்டன.

அவ்வாறாயின் தோட்ட மக்களின் ஒற்றுமையும் மறைந்ததா? இல்லை. நகருக்கு இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகள் பல, பழைய தோட்டத்தின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றன. மாரியம்மன் திருவிழாவிற்கு, ஊர் விட்டுப் போனவர்கள் பிள்ளைகளுடன் திரும்பி வருகின்றனர். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலில் பால்குடமும் காவடியும் ஏந்தி வருவோரிடையே, ஒரே லயத்தில் வளர்ந்தோர் மீண்டும் சந்தித்து நலம் விசாரிக்கின்றனர். சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் கூட வேண்டும் என்னும் எண்ணத்துடன், 1952இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி அவர்கள் தொடங்கிய தமிழர் திருநாள் மலாயாவிலும் பரவிற்று.

இவற்றால் நாம் அறிவது யாது? நிலம் பிறர் கைக்குப் போகலாம். ஆனால் ஒரு பெயரும், ஒரு நாளும், கூடிச் செய்யும் பணியும் இருக்குமாயின் சமுதாயம் வாழும். எனினும் விழா என்பது பந்தலும் ஒலிபெருக்கியும் மட்டும் அன்று. விருந்துண்டு வீடு திரும்பும் பிள்ளை, தன் பாட்டி எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார் என்பதை அறியாதிருந்தால், அவ்விழா பாதி விழாவே ஆகும்.

ஆகவே, பெற்றோர்களே! அடுத்த திருவிழாவிற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். மாவிலைத் தோரணம் கட்டவும், பந்தியில் நீர் ஊற்றவும் அவர்களைப் பழக்குங்கள். முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அவர்கள் அறிந்தவற்றைக் கேட்டு எழுதி வைப்போம். அவர்கள் மறைந்த பின்னர் எந்த நூலிலும் அவற்றைக் காண இயலாது.

மாணவர்களே, வீட்டில் கேட்டு எழுதுக:

1. உன் தாத்தா, பாட்டி எந்தத் தோட்டத்தில் வாழ்ந்தனர்?
2. அங்கு விளங்கிய கோயில் யாது? திருவிழா எந்த மாதத்தில் நடைபெற்றது?
3. அவர்கள் எந்த ஆண்டில், என்ன காரணத்தால் தோட்டத்தை விட்டு வெளியேறினர்?
4. அத்தோட்டத்து மக்கள் இன்று எங்கே, எந்நாளில் கூடுகின்றனர்?