வெளிநாடு செல்பவர்களே, உங்கள் கடிதம் யார் வீட்டுக்குப் போகிறது?

வெளிநாட்டுக்குப் புறப்படும்போது நாம் எத்தனையோ விடயங்களுக்காக ஓடித்திரிகிறோம். விசா, டிக்கட், மருத்துவப் பரிசோதனை, பிள்ளைகளின் பாடசாலை, கடையின் சாவி என்று ஒவ்வொன்றாக ஒழுங்கு செய்கிறோம். ஆனால், நமது பெயருக்கு வரும் கடிதங்கள் இனி எங்கே போகும், அவற்றை யார் வாசிப்பார் என்று யோசிப்பவர்கள் மிகச் சிலரே. "ராத்தாட வீட்டு அட்ரஸக் குடுத்தாப் போதும்" என்று ஒரே வரியில் அந்த வேலையை முடித்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் முடித்தேன். அதற்கு நான் கொடுத்த விலையை இங்கு எழுதுவது, இந்தப் பக்கத்தை வாசிக்கும் வியாபாரிகளில் ஒருவராவது அதே தவறைச் செய்யாமலிருக்க வேண்டும் என்பதற்காகவே.

நடந்தது என்ன?

மாவனல்லையில் எனக்கும் நண்பர் ஒருவருக்கும் கூட்டாக ஒரு ஹாட்வெயார் கடை இருந்தது. 2012இல் கட்டாரில் வேலை கிடைத்து டோஹாவுக்குச் சென்றேன். அடுத்த வருடம் மனைவி பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, இங்கிருந்த வாடகை வீட்டையும் ஒப்படைத்துவிட்டேன். கடையை நண்பர் நடத்துவது, எனது முதலைத் தவணை முறையில் திருப்பித் தருவது என்று வாய்ப்பேச்சில் முடித்துக்கொண்டோம். ஆனால், வியாபாரப் பெயர்ப் பதிவில் இருவருடைய பெயரும் அப்படியே இருந்தது. நான் செய்த ஒரே மாற்றம், எனது முகவரியை அக்குறணையிலுள்ள ராத்தாவின் வீட்டுக்கு மாற்றியதுதான். வங்கி, காப்புறுதிக் கம்பனி, இறைவரித் திணைக்களம், சரக்குத் தந்த மொத்த வியாபாரிகள் எல்லோருக்கும் அந்த முகவரியையே கொடுத்தேன்.

வளைகுடா நாடுகளில் தொழில் செய்தவர்களுக்கு இதன் காரணம் புரியும். இங்கு போல் அங்கு தபாற்காரர் வீட்டு வாசலுக்கு வந்து கடிதம் தருவது வழக்கமாக இருக்கவில்லை. தபால் பெட்டி இலக்கத்துக்கே கடிதங்கள் வரும். எனக்கு இருந்ததும் கம்பனியின் தபால் பெட்டிதான். வேலை மாறினால் அந்த முகவரியும் போய்விடும். எனவே, ஊரிலுள்ள உறவினர் வீடே நிலையான முகவரி என்று நினைத்தேன்.

வாராவாரம் தொலைபேசியில் கேட்பேன். "கடிதம் ஏதும் வந்திச்சா ராத்தா?"

"வந்திச்சி தம்பி. ஒண்டும் தொலையல்ல. எல்லாம் பத்திரமா ஈக்கி."

அந்தப் பதிலோடு நான் திருப்தியடைந்துவிடுவேன்.

2016இல் விடுமுறையில் வந்தபோது, ராத்தா இரண்டு பிஸ்கட் டின்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான்கு வருடக் கடிதங்கள். ஒன்றுகூட உடைக்கப்படவில்லை. பிறருடைய கடிதத்தை உடைக்கக்கூடாது என்பது வாப்பா எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம். ராத்தா அந்த அமானிதத்தைப் பேணியிருந்தார்.

டின்னைக் கொட்டிப் பார்த்தேன். காப்புறுதிக் கம்பனியின் மூன்று நினைவூட்டல்களும், ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது என்ற நான்காவது கடிதமும் இருந்தன. அதற்குக் கீழே புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவரின் கடிதம். எமது கடை 2015இல் எடுத்த பெயின்ட், குழாய்ச் சரக்குகளுக்கு 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா நிலுவை என்று மரியாதையாக எழுதியிருந்தார். அடுத்தது அவருடைய சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம். மூன்றாவது மாவட்ட நீதிமன்றத்தின் அழைப்பாணை. அதில் குறிப்பிட்டிருந்த திகதி கடந்து ஐந்து வாரங்களாகியிருந்தன. நண்பரோ நட்டத்தில் கடையை மூடிவிட்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வெட்கப்பட்டு வேறு ஊருக்குப் போயிருந்தார்.

அழைப்பாணைக்குக் கையெழுத்திட்டு வாங்கியவர் ராத்தாவின் மூத்த மகள். "ஏன் மகள் எனக்குச் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"நீங்க கேட்டது கடிதம் வந்திச்சா எண்டுதானே மாமா? வந்திச்சி எண்டு சொன்னமே" என்றார்.

அவர் சொன்னதில் என்ன பிழை? மேலும், அக்கடிதங்களில் அநேகமானவை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. உடைத்திருந்தாலும் ராத்தாவால் வாசிக்க முடிந்திராது.

அதைவிட வேதனையான ஒன்றைப் பிறகுதான் அறிந்தேன். அந்த மொத்த வியாபாரியின் ஆட்கள் இருவர் என்னைத் தேடி ராத்தாவின் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அக்கம் பக்கத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அது அந்த மகளுக்குத் திருமணம் பேசிய காலம். கடன்காரர் தேடிவரும் வீடு என்ற கதை மாப்பிள்ளை வீட்டாரின் காதுக்கும் எட்டி, பேச்சு மூன்று மாதங்கள் இழுபட்டது. "நீ தூரத்துல ஈக்கிற, மனசு கஷ்டப்படுவ எண்டு சொல்லல்ல தம்பி" என்றார் ராத்தா. எனது பெயரில் வந்த கடனுக்கு அவருடைய வாசல் பதில் சொல்லியிருந்தது.

மறுநாளே புறக்கோட்டைக்குச் சென்று அந்த வியாபாரியைச் சந்தித்தேன். அவர் கோபப்படவில்லை. "சல்லி பிந்துறது யாவாரத்துல நடக்கிறதுதான். நான் கடிதம் போட்டேன், லோயர் கடிதம் போட்டார், கோட்டும் போட்டது. ஒண்டுக்கும் பதில் இல்லாட்டி நான் என்ன நினைக்கிற?" என்றார். நான் தலைமறைவாகிவிட்டேன் என்றே அவர் முடிவு செய்திருந்தார். பத்து வருடம் கட்டிக்காத்த நாணயம், உடைக்கப்படாத மூன்று கடித உறைகளுக்குள் போய்விட்டது.

முகவரி கொடுப்பதன் பொருள்

எனது சட்டத்தரணி அன்று சொன்ன விளக்கம் ஒவ்வொரு வியாபாரியும் அறிய வேண்டியது. முகவரி என்பது கடிதம் வந்து சேரும் இடம் மட்டுமல்ல. விடயம் உங்களுக்குத் தெரியவந்துவிட்டது என்று மற்றவர்கள் கருதிக்கொள்ளும் இடமும் அதுவே. சில உதாரணங்களைப் பாருங்கள்.

குடியியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின்படி, அழைப்பாணை சாதாரணமாகப் பதிவுத் தபாலிலேயே அனுப்பப்படுகிறது. பிரதிவாதி வராவிட்டால் வழக்கு ஒருதலைப்பட்சமாக விசாரிக்கப்படலாம். அவ்வாறு தீர்ப்பாணை பிறப்பிக்கப்பட்டால், அது தமக்குச் சேர்ப்பிக்கப்பட்டு 14 நாட்களுக்குள் நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து, வராமைக்கு நியாயமான காரணத்தைக் காட்ட வேண்டும். வெளிநாட்டில் இருந்ததைக் கடவுச்சீட்டின் மூலம் காட்டலாம். ஆனால், "அந்த முகவரியைக் கொடுத்தது நீங்கள்தானே?" என்ற கேள்வி வரவே செய்யும்.

சொத்தை அடமானம் வைத்து வங்கிக் கடன் பெற்றவர்களின் நிலை இதைவிடக் கவனத்துக்குரியது. பராட்டே முறை என்று நாம் பேசிக்கொள்வது, 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வங்கிகளுக்குள்ள அதிகாரமாகும். கடன் பெற்றவர் அறிவித்தல்களுக்கென ஒரு முகவரியை வங்கியில் பதிவு செய்ய வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. அந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய அறிவித்தல் முறையாகச் சேர்ப்பிக்கப்பட்டதாகவே கருதப்படும்.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, வரி மதிப்பீடு ஒன்றில் திருப்தியில்லாதவர் அதனை மீளாய்வு செய்யுமாறு 30 நாட்களுக்குள் எழுத்தில் கோர வேண்டும். மதிப்பீட்டுக் கடிதம் பிஸ்கட் டின்னுக்குள் உறங்கினால் அந்த நாட்கள் ஓடிவிடும்.

வங்கிக் கணக்கொன்றில் 10 வருடங்கள் எவ்விதக் கொடுக்கல் வாங்கலும் நடக்காவிட்டால், அப்பணம் கைவிடப்பட்ட சொத்தாகக் கருதப்பட்டு மத்திய வங்கிக்கு மாற்றப்படும். உரிமையாளர் பின்னர் கோரிப் பெறலாம். ஆனாலும், வீண் அலைச்சல்தான்.

எனது விடயத்தில் இன்னொரு தவறும் இருந்தது. பங்காண்மையிலிருந்து விலகியவர் அதைச் சரக்குத் தந்தவர்களுக்கு அறிவிக்காவிட்டால், அவர்கள் அவரை இன்னும் பங்காளியாகவே நம்பிச் சரக்குக் கொடுப்பார்கள், பொறுப்பும் தொடரும். வீட்டு முகவரியை மாற்றத் தெரிந்த எனக்கு, விலகியதை எழுதி அறிவிக்கத் தெரியவில்லை.

நல்லவேளையாக, தீர்ப்பு வழங்கப்படுவதற்கு முன்னரே நான் வந்திருந்தேன். வாதியின் சம்மதத்துடன் சமரசமாகி, எட்டுத் தவணைகளில் கட்டி முடித்தேன். நண்பரும் பிறகு தன் பங்கைத் தந்தார். முதலாவது கடிதத்தை உரிய நேரத்தில் கண்டிருந்தால், ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்திருக்க வேண்டிய விடயம் இது.

புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவை

1. பட்டியல் எழுதுங்கள். உங்களுக்குக் கடிதம் அனுப்பக்கூடிய அனைவரையும் ஒரு தாளில் எழுதுங்கள். வங்கி, லீசிங், காப்புறுதி, வரி, மாநகர அல்லது பிரதேச சபை, மொத்த வியாபாரிகள், நீங்கள் பிணை நின்ற கடன்கள் எதையும் விட்டுவிடாதீர்கள். தேவையற்ற கணக்குகளை மூடிவிட்டால் முகவரி தேவைப்படும் இடங்களும் குறையும்.

2. வியாபாரத்தை எழுத்தில் முடியுங்கள். பங்காண்மையிலிருந்து விலகினால் ஒப்பந்தம் எழுதி, வியாபாரப் பெயர்ப் பதிவிலும் மாற்றத்தைச் செய்யுங்கள். சரக்குத் தருபவர்களுக்குக் கடிதம் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். கம்பனியாக இருந்தால், பதிவு செய்யப்பட்ட அலுவலகத்தில் ஒப்படைக்கப்படும் ஆவணம் கம்பனிக்குச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். பூட்டிய கடையை அந்த முகவரியாக விட்டுச்செல்லாதீர்கள்.

3. படிவத்தில் உண்மையை எழுதுங்கள். வதியும் முகவரி வேறு, கடிதத் தொடர்புக்கான முகவரி வேறு. டோஹாவில் வசித்துக்கொண்டு அக்குறணையில் வசிப்பதாக எழுதுவது பிற்காலத்தில் வங்கியிலும் வரி விடயத்திலும் சிக்கலைத் தரும். உறவினர் முகவரியைக் கொடுக்கும்போது "மே/பா" என்று வீட்டுக்காரரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். தபாற்காரருக்கும் இலகு.

4. வாசிக்கக்கூடியவரைத் தேர்ந்தெடுங்கள். பாசமுள்ளவர் என்பது மட்டும் போதாது. சிங்களமும் ஆங்கிலமும் வாசித்து விளங்கக்கூடிய ஒருவர் அந்த வீட்டில் இருக்க வேண்டும். முக்கியமாக, முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள். கடன் விடயமாக யாராவது வாசலுக்கு வரக்கூடும் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

5. உடைக்க அனுமதி கொடுங்கள். எதை உடைக்கலாம், எதை உடைக்கக்கூடாது என்று எழுதிக் கொடுங்கள். பதிவுத் தபால், நீதிமன்றம், சட்டத்தரணி, வங்கி, வரி, காப்புறுதிக் கடிதங்கள் வந்த அன்றே படமெடுத்து வட்ஸ்அப்பில் வர வேண்டும். வங்கி அட்டை, இரகசிய இலக்கம், காசோலைப் புத்தகம் ஆகியவற்றை அந்த வீட்டுக்கு வரவழைக்கவே வேண்டாம். விடுமுறையில் வந்து கிளையிலேயே பெற்றுக்கொள்ளுங்கள்.

6. முகவரியையும் அதிகாரத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கடிதம் வாங்குபவரால் உங்களுக்காக வங்கியில் பேசவோ கையெழுத்திடவோ முடியாது. அதற்கு அற்றோணித் தத்துவம் தேவை. அதையும் எல்லா அதிகாரங்களையும் அள்ளிக் கொடுப்பதாக எழுதாமல், இன்ன வேலைக்கு என்று வரையறுத்து ஒரு சட்டத்தரணி மூலம் எழுதிக்கொள்ளுங்கள்.

7. இரண்டாவது வழியையும் வையுங்கள். வெளிநாட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் எல்லோருக்கும் கொடுங்கள். ஆயினும், அழைப்பாணையும் கோரிக்கைக் கடிதமும் இன்னும் தபாலில்தான் வருகின்றன என்பதை மறந்துவிடலாகாது.

8. வருடத்துக்கு ஒரு முறை சரிபாருங்கள். உறவினர் வீடு மாறலாம், வீட்டை விற்கலாம், மௌத்தாகலாம். ஒவ்வொரு விடுமுறையிலும் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நாடு திரும்பினால் முகவரியை உடனே மாற்றி, அந்த வீட்டின் சுமையை இறக்கிவையுங்கள்.

2019இல் நான் ஊர் திரும்பி மீண்டும் சிறியதொரு கடை போட்டேன். இப்போது எனது தம்பி துபாயில் இருக்கிறார். அவருடைய கடிதங்கள் எனது வீட்டுக்கு வருகின்றன. வந்த திகதி, அனுப்பியவர், தம்பிக்கு அறிவித்த திகதி என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். சென்ற மாதமும் ஒரு வரிக் கடிதம் வந்தது. அன்று பின்னேரமே படம் போய், மறுநாள் பதில் தயாரானது.

புறக்கோட்டையிலுள்ள அந்த வியாபாரி இன்று எனக்கு மீண்டும் 30 நாள் தவணையில் சரக்குத் தருகிறார். முதல் பில்லை எழுதும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இப்ப கடிதம் போட்டா யார் வாசிப்பாங்க?"

"நான்தான்" என்றேன்.