பழைய காருக்கு எந்த இன்ஜின் ஆயில்?

வண்டி பழசாகிவிட்டது என்பதற்காகவே கெட்டியான ஆயிலுக்கு மாறாதீர்கள். கையேட்டில் எந்த கிரேடு போட்டிருக்கிறதோ, அதுதான் முதல் தேர்வு.

டப்பாவில் 10டபிள்யூ-40 என்று இருந்தால், முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு. அடுத்தது இன்ஜின் சூடான பின் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. நம் சமவெளி வெயிலில் இரண்டாவது எண்ணைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

மாற்றுமுன் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து, குச்சியைத் துணியால் துடைத்து மறுபடி முழுதாக இறக்கி எடுங்கள். ஆயில் படிந்த கோடு இரண்டு குறிகளுக்கும் நடுவே இருக்க வேண்டும். அடுத்த சர்வீஸ் வருமுன்பே மளமளவென்று இறங்குகிறதா? சைலன்சரில் நீலப் புகையா? வெளியே ஒழுகலும் இல்லையென்றால் ஆயில் உள்ளே எரிகிறது. அப்போது ஒரு படி ஏறலாம்: 10டபிள்யூ-30 போட்டவர்கள் 10டபிள்யூ-40க்கு, அதுவும் கையேடு அனுமதித்தால். ஒரேயடியாக 20டபிள்யூ-50க்குத் தாவினால் காலை ஸ்டார்ட்டில் ஆயில் மேலே வால்வுகளுக்கு ஏறத் தாமதமாகும், மைலேஜும் அடிபடும்.

ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். கெட்டி ஆயில் ஊற்றிச் சமாளிப்பது மிகத் தவறு. பம்பிலோ பேரிங்கிலோ உள்ள கோளாறு அதில் மறைந்துவிடும். பிரஷர் கேஜ் மாட்டி அளந்து பார்க்கும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.