எரிந்தால்தான் மருந்தா?

நம்பிக்கை: புண்ணில் போட்ட மருந்து எரிந்தால், கிருமி சாகிறது என்று பொருள்.

முட்டியைச் சிராய்த்துக்கொண்ட பிள்ளை டிஞ்சர் பட்டு அலறும்போது, “எரியட்டும், அப்பதான் மருந்து பிடிக்கும்” என்று சொல்லாத வீடு குறைவு. உண்மையில் கிருமிக்கும் அந்த எரிச்சலுக்கும் சம்பந்தமில்லை. எரிவது நம் நரம்பு. வலியை உணரும் நரம்புகளின் நுனியில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. சூட்டை உணர்வது அதன் வேலை. மிளகாயின் காரமும் இதைத்தான் தூண்டுகிறது. 1997-ல் இதை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ், 2021-ன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு ஏறினால்தான் இந்தப் புரதம் விழித்துக்கொள்ளும். டிஞ்சரில் இருக்கும் ஆல்கஹால் பட்டால் அந்த வரம்பு 34 டிகிரி வரை இறங்கிவிடும் என்று 2002-ல் வெளியான ஆய்வு காட்டியது. நம் உடம்பின் சூடோ 37 டிகிரி. அதாவது, வெளியிலிருந்து எந்தச் சூடும் படாமலே, நம் உடம்புச் சூட்டையே நரம்பு நெருப்பாக எடுத்துக்கொள்கிறது.

எரிச்சல்தான் கிருமி சாவதற்கு அடையாளம் என்றால், ஊசி போடுமுன் கையில் தடவும் ஸ்பிரிட்டும் எரிய வேண்டுமே? அங்கேயும் கிருமிகள் சாகின்றன. ஆனால் தோல் கிழியாததால் நரம்பு நுனிகளை ஸ்பிரிட் தொடுவதில்லை. டிஞ்சரிலும் சரி, போவிடோன் அயோடின் கரைசலிலும் சரி, கிருமியைக் கொல்வது அயோடின்தான். முன்னது ஆல்கஹாலில் கரைத்தது, சுரீர் என்று எரியும். பின்னது தண்ணீரில் கரைத்தது, அவ்வளவாக எரியாது. 1865-ல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் காயங்களுக்குப் பயன்படுத்திய கார்பாலிக் அமிலம் கிருமியையும் கொல்லும், நரம்பையும் மரத்துப்போகச் செய்யும். எரிச்சலை அளவுகோலாகக் கொண்டால் அதற்கு எந்த இடம் கொடுப்பது?

“எரிகிற மருந்தும் கிருமியைக் கொல்கிறதுதானே, கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் என்ன?” என்று கேட்கலாம். கொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கிருமியின் செல் எது, நம்முடைய செல் எது என்று ஆல்கஹாலுக்குத் தெரியாது. புண்ணை ஆற்ற வரும் செல்களையும் அது சிதைக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படித்தான். அது நுரைத்துப் பொங்குவதைக் கிருமி சாவதாகப் பலர் நம்புகிறார்கள். நம் ரத்தத்திலும் திசுவிலும் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி பட்டாலே அது நுரைக்கும். முதல் உலகப் போரில் பிரான்சில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், குண்டடிக் காயத்தின் சந்துபொந்துகளைப் போல முட்கள் நீட்டிய கண்ணாடிக் குழாய் ஒன்றைச் செய்து பார்த்தார். உள்ளே ஊற்றிய மருந்து அந்த மூலைகளில் பதுங்கிய கிருமிகளை அழிக்கவில்லை. உண்மையான காயத்திலோ, கிருமியோடு போராடும் வெள்ளணுக்களுக்கு அதே மருந்துகள் கேடு செய்வதையும் அவர் கண்டார்.

ஆகவே சாதாரணச் சிராய்ப்பைக் குடிநீர்க் குழாயைத் திறந்து நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் மூடினாலே பெரும்பாலும் போதும். மண்ணும் துருவும் ஏறிய ஆழமான காயத்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும், டெட்டனஸ் தடுப்பு ஊசியையும் கேட்க வேண்டும். எனக்கு மிகவும் கவலை தருவது நாய்க்கடி. எரிந்தால் விஷம் இறங்கும் என்று மிளகாய்த் தூளும் சுண்ணாம்பும் அப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மிளகாய் நரம்பை மட்டும்தான் எரிக்கும், ரேபிஸ் வைரஸை ஒன்றும் செய்யாது. அங்கே உயிரைக் காப்பது சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவதும், அன்றைக்கே தடுப்பூசியைத் தொடங்குவதும்தான்.