முன்பாரமும் பின்பாரமும்

தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம், பாலக்கோடு முதலிய ஊர்களிலிருந்து புளிமூட்டைகளும் தானிய மூட்டைகளும் மாட்டுவண்டியிலேயே சந்தைக்குச் சென்ற காலம் ஒன்று இருந்தது. தொழிலறிந்த வண்டியோட்டி மூட்டைகளை மனம்போனபடி அடுக்கமாட்டான். அச்சுக்கு மேலும் அதற்குச் சற்று முன்னும் முதலில் அடுக்குவான். பின்னரே பின்புறத்தை நிரப்புவான். இறுதியில் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பான். அது மிகக் கனத்தால் முன்பாரம். காளைகளின் கழுத்து நோகும். தானே மேலெழுந்தால் பின்பாரம். வண்டி பின்னே சாய, பூட்டாங்கயிறு காளைகளின் கழுத்தை இறுக்கும். ஆதலின் முன்பாரம் சற்றே மிகுந்திருக்குமாறு அவன் பார்த்துக்கொள்வான்.

ஆகாய விமானத்தை அருகிருந்து கண்டறியாத அவ்வண்டியோட்டி கைக்கொண்ட விதியே, மாபெருஞ் சரக்கு விமானங்களையும் ஆளுகின்றது என்பது வியப்பன்றோ?

விமானத்தின் மூக்கின் கீழ்ச் சிறு சக்கரங்கள் உள்ளன. நடுப்பகுதியில், சிறகுகளின் அருகே, பெருஞ்சக்கரங்கள் உள்ளன. ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் நின்று அழுத்துவதாகக் கொள்ளலாம். அப்புள்ளியை ஈர்ப்பு மையம் என்பர். விமானத்தில் அம்மையம் பெருஞ்சக்கரங்களுக்குச் சற்று முன்னே அமையும். எனவே எடையின் பெரும்பகுதியைப் பெருஞ்சக்கரங்களே தாங்குகின்றன. மூக்குச் சக்கரங்கள் தாங்குவது சிறு பங்கேயாகும். பெருஞ்சக்கரங்களை வண்டியின் அச்சாகவும், மூக்குச் சக்கரங்களைக் காளைகளின் கழுத்தாகவும் கொள்ளின் இஃது எளிதில் விளங்கும். பின்புறத்தில் பளு மிகுந்து, ஈர்ப்பு மையம் பெருஞ்சக்கரங்களைக் கடந்து பின்னே செல்லுமாயின், மூக்கு மேலெழும். வால் தரையில் மோதும்.

பளு எவ்வளவு என்பது மட்டுமன்று, எங்கே என்பதும் இங்கு எண்ணத்தக்கது. அச்சுக்குப் பின்னே 3 மீட்டர் தொலைவில் வைத்த 60 கிலோகிராம் மூட்டையைச் சரிக்கட்ட, முன்னே 2 மீட்டர் தொலைவில் 90 கிலோகிராம் வேண்டும். எடையைத் தொலைவால் பெருக்க, இருபுறமும் 180 வருதல் காண்க. ஆகவே வாலருகே வைத்த சிறு பளுவும் பெரும்பளுவின் வேலையைச் செய்துவிடும்.

2023ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், நியூயார்க்கு நகரத்துக் கென்னடி விமான நிலையத்தில் ஒரு பயணியர் விமானம் வந்து நின்றது. பயணியர் இறங்கிக்கொண்டிருக்கையில் பளு பின்புறம் மிகுந்தமையால், அதன் மூக்கு வானோக்கி எழுந்தது. நல்வாய்ப்பாக எவருக்கும் காயமில்லை.

இத்தகைய இடரைத் தடுக்கும் முறைகள் எளியனவே. ஏற்றும்பொழுது முன்புறத்தை முதலில் நிரப்புதல் வேண்டும். இறக்கும்பொழுது பின்புறத்தை முதலில் வெறுமையாக்குதல் வேண்டும். சில விமானங்களுக்கு வாலின் கீழே தாங்கி நிறுத்துவர். நம் இந்திய விமானப்படையில் 2013ஆம் ஆண்டு சேர்ந்த சி-17 விமானம், ஏறத்தாழ 77 டன் சுமக்க வல்லது. அதன் பின்வாயில் வழியே கனத்த ஊர்திகளை ஏற்றும்பொழுது, உடலின் பின்பகுதியிலிருந்து தாங்குகால்கள் தரையில் ஊன்றப்படுகின்றன. வண்டிக்கு முட்டுக்கட்டை கொடுப்பது போன்றதே இதுவும்.

தரையில் முட்டுக்கொடுக்கலாம், வானில் யார் முட்டுக்கொடுப்பார்? 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், ஆப்கானிஸ்தானத்துப் பக்ராம் தளத்திலிருந்து போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று, ஐந்து கனத்த படை ஊர்திகளைச் சுமந்து எழுந்தது. அவை உரியவாறு பிணிக்கப்படவில்லை. விமானம் மேலெழும்பொழுது ஓர் ஊர்தியேனும் பின்னோக்கி உருண்டு, விமானத்தைச் செலுத்தும் உறுப்புகளைச் சிதைத்தது. மூக்கு மேல்நோக்கி நிமிர்ந்த விமானத்தை அடக்க இயலவில்லை. அது தரையில் வீழ்ந்தது. அதிலிருந்த எழுவரும் மாண்டனர்.

விமானம் ஓட்டுவோரின் திறமையை உலகம் புகழும். சரக்கை அடுக்கிக் கட்டுவோரின் பெயரை எவரும் கேட்பதில்லை. எனினும் பல உயிர்கள் அவர்தம் கையிலும் உள்ளன. புறப்படுமுன் நுகத்தடியைத் தூக்கிப் பார்த்த வண்டியோட்டியின் பொறுப்புணர்ச்சி, எத்தொழிலுக்கும் வேண்டுவதேயாகும்.