செல்லுலாய்டு பொம்மையும் வேதியியலும்

பொம்மை என்றால் குழந்தைகள் விளையாடித் தூக்கி எறியும் பொருள் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் பழைய பொம்மைகளையும் பொம்மை வீடுகளையும் குழந்தை வண்டிகளையும் தேடிச் சேர்த்துப் பாதுகாப்போர் உலகின் பல நாடுகளில் உள்ளனர். அவர்களுக்கு ரசனை மட்டும் போதாது, வேதியியலும் வேண்டும். இதை எங்கள் வீட்டுப் பொம்மை ஒன்றே எனக்குக் கற்பித்தது.

எங்கள் அப்பத்தாவின் தகரப் பெட்டியில் உள்ளங்கையளவு பொம்மை ஒன்று உண்டு. ரங்கூனில் மூட்டை தூக்கிப் பிழைத்த அவருடைய அய்யா, ஊர் திரும்பியபோது வாங்கி வந்தது. பிள்ளைகள் நசுக்கிவிடுவார்கள் என்று அப்பத்தா அதைப் பூட்டியே வைத்திருந்தார். சென்ற பொங்கலுக்குப் பெட்டியைத் திறந்தபோது காரமான நெடி மூக்கில் ஏறியது. பொம்மை பழுப்பேறியிருந்தது. அருகில் இருந்த பித்தளைக் குங்குமச் சிமிழ் பச்சை பூத்திருந்தது.

பொம்மையைத் திருப்பினேன். முதுகில் 'மேட் இன் ஆக்குப்பைடு ஜப்பான்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்பது பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1945 முதல் 1952 வரை, ஜப்பான் நேச நாட்டுப் படைகளின் பிடியில் இருந்தது. அக்காலத்தில் அங்கிருந்து ஏற்றுமதியான பொருள்கள் பலவற்றில் இவ்வாசகம் உண்டு. ஆகவே பொம்மைக்கு வயது எழுபதுக்கு மேல்! சேகரிப்போர் முதலில் தேடுவது இத்தகைய முத்திரையைத்தான். பீங்கான் தலைப் பொம்மைகளுக்குப் பெரும்பாலும் பிடரியில் இருக்கும். ஜெர்மனியின் மான்ஹைம் நகரத் தொழிற்சாலை ஒன்றின் செல்லுலாய்டு பொம்மைகளுக்கு ஆமை முத்திரை.

செல்லுலாய்டு என்பது என்ன? பஞ்சிலுள்ள செல்லுலோஸை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் இட்டால் செல்லுலோஸ் நைட்ரேட் கிடைக்கும். அதனுடன் கற்பூரம் சேர்த்துச் செய்வதே செல்லுலாய்டு. அமெரிக்காவின் ஹயாட் சகோதரர்கள் 1870-இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர். தந்தத்தாலான பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்றுத் தேடியபோது பிறந்த பொருள் இது. சூட்டில் இளகும்; அச்சில் வார்க்கலாம்; எடையும் குறைவு. எனவே பொம்மைத் தொழிலுக்கு ஏற்றதாயிற்று.

ஆனால் இது எளிதில் தீப்பற்றும். மேலும், நாளடைவில் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளியிடும். அவை ஈரத்துடன் சேர்ந்து நைட்ரிக் அமிலமாகி, சிதைவை இன்னும் விரைவாக்கும். மூடிய பெட்டியில் வாயு வெளியேற வழியில்லை. சிமிழ் பச்சை பூத்த காரணம் இதுவே.

எனவே இத்தகைய பொம்மைகளை வெயில் படாத, குளிர்ந்த, உலர்ந்த, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டக் கூடாது. உலோகப் பொருள்களையும் துணிகளையும் பிற பொம்மைகளையும் விலக்கி வைக்க வேண்டும். விளக்கு, அடுப்பு அருகே கொண்டு செல்லவே கூடாது. சிதைந்ததை மீட்க முடியாது. மேலும் சிதைவதைத் தாமதப்படுத்தலாம்.

இதைச் சொன்னதும், "பூட்டி வச்சதுதான் தப்பாப் போச்சாய்யா?" என்று அப்பத்தா கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அலமாரித் தட்டில் வெள்ளைத் தாள் விரித்துப் பொம்மையை வைத்தேன்.

"முதுகுல உள்ளதை இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். "இத்தனை வருசமா அதை ஏதோ கீறல்னுல்ல நெனச்சேன்!" என்றார்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு பொம்மை இருக்கலாம். இந்த விடுமுறையில் திறந்து பாருங்கள்.