இரண்டாவது போன் இணைப்பு: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இன்று பலர் வீட்டில் இருந்தபடியே போனில் வேலை பார்க்கிறார்கள். கம்பெனிக்காக வாடிக்கையாளர்களிடம் பேசுகிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. அப்போது இந்த வழக்கம் பெருகியது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியது. கால் சென்டர் வேலையை வீட்டில் இருந்தே செய்வது எளிதானது.

வேலைக்குச் சேரும்போது, "தனியாக ஒரு போன் இணைப்பு வேண்டும்" என்று சில இடங்களில் சொல்வார்கள். வாங்கலாமா? அதற்கு எவ்வளவு செலவு ஆகும்?

அன்றும் இன்றும்

1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் சேவை தொடங்கியது. அது டெலிபோன் கம்பி வழியாகவே வந்தது. இன்டர்நெட் ஓடும்போது அந்த வீட்டுக்கு யாரும் போன் பேச முடியாது. அதனால் வசதி உள்ளவர்கள் இரண்டாவது கம்பி இணைப்பு வாங்கினார்கள். அதற்கு வாடகையும் தனி.

இன்று பெரும்பாலான செல்போன்களில் இரண்டு சிம் போடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பல போன்களில், ஒரு சிம்மில் பேசும்போது மற்ற சிம்முக்கு அழைப்பு வராது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியில் இருந்து கூப்பிட்டாலும் உங்களுக்குத் தெரியாது. அப்படியானால் இன்னொரு போனும் வேண்டும். அந்த விலையையும் செலவில் சேருங்கள்.

ஆண்டுக் கணக்கு

பல ரீசார்ஜுகள் 28 நாளுக்குத்தான் வரும். ஒரு மாதம் என்று நினைத்துவிடக் கூடாது.

28 x 13 = 364 நாள்.

அதாவது, ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை பணம் கட்ட வேண்டும். ஒரு ரீசார்ஜ் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

200 x 13 = 2,600 ரூபாய்.

30 நாள் ரீசார்ஜும், மாதா மாதம் ஒரே தேதியில் கட்டும் ரீசார்ஜும் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2022-இல் உத்தரவிட்டது. கடையில் அதையும் கேளுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சில வேலைகளுக்கு பிராட்பேண்ட் இணைப்பு தேவைப்படும். அதன் பில்லில் 100-க்கு 18 ரூபாய் ஜி.எஸ்.டி. வரி சேரும். மாதக் கட்டணம் 500 ரூபாய் என்றால்:

கட்டணம் 500 ரூபாய்
வரி 90 ரூபாய்
மொத்தம் 590 ரூபாய்
ஆண்டுக்கு 590 x 12 = 7,080 ரூபாய்

மோடம், கம்பி இழுக்கும் கூலி ஆகியவை தனியா என்றும் முன்பே கேளுங்கள்.

வரவையும் பாருங்கள்

வேலையில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிராட்பேண்டுக்கு 590 ரூபாய் போனால், கையில் நிற்பது 3,410 ரூபாய். இதுதான் உண்மையான வருமானம். ஆறு மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டிய பிறகு வேலை இரண்டே மாதத்தில் நின்றால் நட்டம் நமக்குத்தான். எனவே முதலில் மாதா மாதம் கட்டுங்கள். வேலை நிலைத்த பிறகு நீண்ட காலத் திட்டத்துக்கு மாறலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

1. இணைப்புச் செலவைக் கம்பெனி தருமா? தரும் என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.
2. எத்தனை மணி நேரம் பேச வேண்டும்? அந்த நேரம் முழுவதும் சிக்னல் கிடைக்குமா?
3. வேலை தருவதற்கே பணம் கேட்கிறார்களா? கேட்டால் விலகிவிடுங்கள்.

உங்கள் பெயரில் வாங்கிய சிம்மை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். அதில் யாராவது மோசடி செய்தால், போலீஸ் முதலில் உங்களைத் தேடித்தான் வரும். உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நீங்கள் வாங்காத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

பயிற்சி

1. 28 நாள் ரீசார்ஜ் 250 ரூபாய். 13 முறைக்கு எவ்வளவு ஆகும்?
2. மாதக் கட்டணம் 400 ரூபாய். வரியுடன் சேர்த்து எவ்வளவு?
3. உங்கள் வீட்டில் எத்தனை சிம் இருக்கிறது? அவற்றுக்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவு? நோட்டில் எழுதுங்கள். வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.